கூட்டக் குறிப்பில் சேராதவை

அன்று மாலை ஊர் மண்டபத்தில்
குறிப்பெழுதும் பொறுப்பு என்னுடையது.
வந்தவர் நாற்பத்திமூன்று பேர்.
தேநீர்ச் செலவு பதினொரு பவுண்டு.
பொருள்: ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா.

பல் மருத்துவர் ஹோவர்ட் பிராட்லி எழுந்தார்.
"திறன் உள்ளவர் வரட்டும், யார் தடுத்தது?
டாக்டர் வரட்டும், இன்ஜினியர் வரட்டும்.
வெறுங்கையோடு வருகிறவர்கள்தான்…"
வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.
முடிக்காத இடத்தில் கைதட்டினார்கள்.
பேனாவை மடியில் வைத்துவிட்டு
நானும் தட்டினேன்.

பின்வரிசையில் ஒரு பையன் கேட்டான்:
கடல் மட்டத்துக்குக் கீழே கிடந்த சதுப்பு இது.
வாய்க்காலுக்குக் கோடு போட்ட டச்சுக்காரர் பெயர்
பாலத்துப் பலகையில் இருக்கிறது.
இடுப்பளவுச் சேற்றில் நின்று வெட்டினவர் பெயர்?
"அதெல்லாம் பழங்கதை" என்றார் தலைவர்.
எழுதிக்கொண்டேன்:
வரலாறு பற்றி ஒரு கேள்வி எழுந்தது.

ஏன் தட்டினாய் கிளெண்டா என்று
யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
காலிஃபிளவர் பொதியும் கொட்டகையில் முப்பத்தொரு வருஷம்.
ஏஜெண்டின் வெள்ளை வேன் வரத் தொடங்கியபின்
ஒன்பது வருஷம் கூலி நகரவில்லை.
"பிடிக்கவில்லையா? வேனில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள்."
வேன் யாருடையது என்று நான் கேட்டிருக்கலாம்.
இறங்கினவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவதாக இறங்கினவள் தைவா.
லித்துவேனியாவில் ஒரு பால் கம்பெனிக்குக் கணக்கு எழுதினவள்.
இங்கே பெட்டிக்குப் பன்னிரண்டு எண்ணினாள்.
பனி மூடிய விடியலில் கண்ணுக்கு வேலையில்லை;
கட்டைவிரலால் இலையை விலக்கி
பூவின் முதிர்ச்சியைத் தொட்டே சொல்வாள்.
ஒரே வெட்டு.
சட்டைக் காலர்போல் நாலு இலை நிற்கும், பூவில் கீறல் இருக்காது.
மெஷின் கம்பெனிக்காரர்கள் மூன்று நாள்
அவள் மணிக்கட்டை வீடியோ எடுத்தார்கள்.
அப்புறம் வரவேயில்லை.
கூலிச் சீட்டில் அவள் வேலைக்குப் பெயர்:
திறன் தேவையற்றது.
என் சீட்டிலும் அதுதான்.
அதுவரை நான் அந்த வரியைப் படித்ததில்லை.

முடிவு வந்த காலை ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.
"உங்கள் பக்கம் ஜெயித்துவிட்டது" என்றாள் தைவா.
கோபம் தெரிந்திருந்தால் பதில் வைத்திருந்தேன்.
"டேப் தீர்ந்துவிட்டது, இன்னொரு சுருள் எடு" என்றாள்.
எடுத்துக் கொடுத்தேன்.
ரெண்டு குளிர்காலம் கழித்து ஹாலந்துக்குப் போனாள்,
தக்காளிக் கண்ணாடிக்கூடம் ஒன்றுக்கு.
பதினாலாம் எண் லாக்கரில்
அவள் சாணைக்கல் கிடந்தது. நடுவில் தேய்ந்து
படகுபோல் இருந்தது.

பிறகு பேப்பரில் மதிப்பெண் பட்டியல் போட்டார்கள்.
உள்ளே வர எழுபது வேண்டும்.
குறுக்கெழுத்து போடும் பென்சிலால் எனக்கே போட்டுப் பார்த்தேன்.
வேலை தர முதலாளி தயார்: இருபது.
இங்கிலீஷ் பேசுவேன்: பத்து.
திறன்: இல்லை. சம்பளம்: போதாது.
இதே ஊரில் பிறந்ததற்குக்
கட்டம் எதுவும் இல்லை.
மறுபடி கூட்டினேன். முப்பதுதான்.

கூலி ஏறியது, அதையும் சொல்ல வேண்டும்.
நாற்பது பென்ஸ்.
ஏறின வருஷம் வெட்ட ஆள் இல்லாமல்
கீழண்டை வயல் முழுக்க மஞ்சளாகிப் பூத்தது;
அடுத்த வருஷம் முதலாளி கோதுமை போட்டார்.
கோதுமைக்குக் கொட்டகை எதற்கு?

அந்த அழுகல் வருஷத்துக் கூட்டம்.
முந்தைய குறிப்பை வாசித்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.
புதுப் பொருளுக்கு வருமுன்
வயலிலிருந்து காற்று திரும்பியது.
"அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன்" என்றார் ஹோவர்ட்,
மூக்கைப் பொத்திக்கொண்டு.

சாத்தினேன்.
உட்கார்ந்து எழுதினேன்:
நாற்றம் காரணமாக ஜன்னல் சாத்தப்பட்டது.
சாத்தியவர்: கி. செட்செல்.